கரிமூட்டத்துப் புகை

மலையடிவாரத்தில் மனிதர்கள் விறகை மண்ணால் மூடி எரித்துக் கரிமூட்டம் போடுவார்கள். அதன் ஓரமாகப் படுத்துக்கொண்டு புகையை இழுப்பது ஓர் ஆண் கரடிக்கு இருபது வருடப் பழக்கம். இப்போதெல்லாம் பாதி மரம் ஏறுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது.

"இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று அது சொன்னபோது பெண் கரடி நம்பவில்லை. இதற்கு முன்பும் நான்கு முறை அப்படிச் சொல்லிவிட்டு, திருட்டுத்தனமாகப் போய்வந்த புருஷன்தானே!

அன்றிலிருந்து கண்காணிப்பு ஆரம்பித்தது. ஆண் கரடி குளித்துவிட்டு வந்தால், "இந்நேரத்துல என்ன குளியல்?" என்று பெண் கரடி கேட்டது. துளசி மென்றால், "எந்த வாடையை மறைக்க?" என்றது. தூங்கும்போது அதன் பிடரியை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

பத்தொன்பதாம் நாள் ஆண் கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது.

"இன்னிக்குப் போயிட்டேன். ரெண்டே இழுப்பு."

பெண் கரடி அதன் முகத்தை உற்றுப் பார்த்தது. இதிலும் ஏதாவது சூது இருக்குமோ?

"நான்தான் கண்டுபிடிக்கலையே, அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"சொல்லாம மறைச்சா நாளைக்கும் போயிடுவேன். அந்த நாலு தடவையும் அப்படித்தான் ஆச்சு."

பெண் கரடி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"அடுத்த தடவை போகணும்னு தோணும்போதே என்னைக் கூப்பிடுங்க" என்றது. "அந்த நேரம் தாண்டுற வரைக்கும் ரெண்டு பேருமா ஆத்தங்கரையில நடப்போம்."