மாயவன் மடைக்குப் பூட்டு

தன் மடையைத் திறக்க மாயவன் இன்னொருவர் அளத்தில் போய்ச் சாவி கேட்டு நின்றதைப் பார்த்ததும் சங்கீதாவுக்குச் சுருக்கென்றது.

மரக்காணம் உப்பளத்தில் அந்தப் பக்கம் ஒரே வாய்க்கால்தான். உப்புத் தண்ணீர் முதலில் மாயவன் அளத்துக்கு வரும். அவர் பாய்ச்சிக்கொண்டு மடையை மூடினால்தான் மிச்சம் கீழே லூர்துமேரியின் அளத்துக்குப் போகும். மடை மாயவன் நிலத்தில் இருக்கிறது. அதன் பூட்டுக்குச் சாவி மட்டும் அரை கிலோமீட்டர் தள்ளி லூர்துமேரியின் இடுப்பில் இருக்கிறது.

சங்கீதா புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவி. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே ஆற்றை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது அவள் தலைப்பு. நாலு வருஷமாக உலகத்து ஆறுகளையெல்லாம் கால் நனையாமல் கடந்தவள்.

ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற நாடு மனசு வைத்தால் தன் பிடியைத் தானே விட்டுக்கொடுக்கும் என்பது அவள் கட்சி. "ஆசை நல்லாத்தான் இருக்கு, ஆதாரம் எங்கேம்மா?" என்று கேட்டுவிட்டார் பேராசிரியர். சின்ன அளவிலாவது ஒரு உதாரணம் காட்டு, இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தையே எடுத்துவிடு என்று திங்கட்கிழமை வரை கெடுவும் வைத்தார்.

இந்த வாய்க்காலில் ஒன்பது வருஷமாகச் சண்டையே இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் பஸ் ஏறி வந்தாள். வந்து பார்த்தால் இந்த லட்சணம்.

டீக்கடை தேவநாதனிடம் விசாரித்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவன் மடையத் திறக்க அந்தம்மாகிட்ட போயி நிக்கிறான். நாங்க கிண்டல் பண்ணாத நாளே இல்ல. சிரிச்சிட்டுப் போயிடுவான்."

சண்டை ஏன் இல்லை என்று சங்கீதாவுக்குப் புரிந்துவிட்டது. 'கீழே இருப்பவர் பறித்துக்கொண்ட அதிகாரம்' என்று நோட்டில் எழுதினாள். அத்தியாயம் அவ்வளவுதான். போவதற்கு முன் அந்த அம்மாவை நறுக்கென்று ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று வரப்பில் நடந்தாள்.

உப்பு வாரிக்கொண்டிருந்த லூர்துமேரி, வெயிலில் வந்தவளுக்கு முதலில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தும் சங்கீதாவுக்குக் கோபம் ஆறவில்லை.

"அவர் மடைக்கு நீங்க ஏன்க்கா சாவி வெச்சிருக்கீங்க? இது நியாயமா?"

லூர்துமேரி வாரு பலகையைக் கீழே வைத்தாள்.

புருஷன் செத்த வருஷம் அளத்தைத் தனியாளாக எடுத்து நடத்தினாளாம். நல்ல வெயிலில் ரெண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் பாத்தி வெடித்துப்போகும், அந்த வருஷத்து உப்பே போச்சு. மாயவன் மடையை மூடினாரா இல்லையா என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை போய் எட்டிப் பார்ப்பாளாம். அவர் ஒருநாளும் மூடாமல் விட்டதில்லை. ஆனாலும் பயம் போகவில்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை.

"தம்பி ஒருநாளும் என்னைத் திட்டலம்மா. திண்டிவனம் போயி ஒரு பூட்டு வாங்கிட்டு வந்தாரு. தன் மடையத் தானே பூட்டி, சாவிய எங்கிட்ட குடுத்துட்டாரு. ஊரு கேலி பண்ணுதே, வாங்கிக்கய்யான்னு மூணு தடவ குடுத்துப் பாத்தேன். வாங்கமாட்டேன்னுட்டாரு."

சங்கீதாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எழுதியதை அடித்தாள். ஆனாலும் ஆராய்ச்சிப் புத்தி சும்மா இருக்குமா?

"பூட்டுக்கு ரெண்டு சாவி வருமேக்கா. இன்னொண்ணு அவர்கிட்டதானே இருக்கும்?"

லூர்துமேரி இடுப்பிலிருந்த வளையத்தை எடுத்துக் காட்டினாள்.

"'ஒண்ண நான் வெச்சிக்கினா உனக்கு எப்படிக்கா தூக்கம் வரும்?'னு ரெண்டையுமே எங்கிட்ட குடுத்துட்டாரும்மா."