மெஷின்ல மாத்துங்க!

வண்டியில் இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற பெண்ணை முந்திக்கொண்டு வந்து, பால்பவுடர் டின்னைக் கவுண்டரில் ணங்கென்று வைத்தார் பூதக்கண்ணாடி.

"சார், அவங்கதான் முன்னாடி நிக்கிறாங்க" என்றாள் பில் போடும் பெண்.

"எனக்கும் கண்ணு இருக்கு. முதல்ல எனக்குப் போடு."

அவள் மேனேஜர் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடி என்பது கடையில் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். ரிடையரான மனுஷன். வாரம் தவறாமல் வருவார். மூக்குநுனிக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அலமாரியில் உள்ள விலைச்சீட்டையெல்லாம் படிப்பார். தூணில் மாட்டியிருக்கும் விலை காட்டும் மெஷினில் ஒவ்வொரு பொருளாகக் காட்டிச் சரிபார்ப்பார். இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் வாங்குவது என்னவோ ஒரே ஒரு சோப்பு!

இந்த மாதம் அவள் கவுண்டரில் ஏற்கெனவே மூன்று தகராறு. "இன்னொரு தடவை சத்தம் கேட்டுது, உன்னைக் குடோனுக்கு மாத்திடுவேன்" என்று மேனேஜர் காலையில்தான் எச்சரித்திருந்தார். குடோனில் வேலை முடிய எட்டு மணி ஆகும். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் மகளை யார் கூட்டிக்கொண்டு போவது?

சாமியை வேண்டிக்கொண்டு டின்னைப் பில் மெஷினில் காட்டினாள். முந்நூற்றைம்பது என்று வந்தது.

"அலமாரியில முந்நூத்திப் பத்துன்னு போட்டிருக்கு!"

அவர் போட்ட சத்தம் கடையின் கடைசி மூலை வரை கேட்டது. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்ன சார், ஒரு நாப்பதுக்காகவா இப்படிக் கத்துறீங்க? இந்தாங்க, நானே தரேன், வெச்சுக்குங்க."

"உங்க கைக்காசு எனக்கெதுக்கு? மெஷின்ல மாத்துங்க."

"மெஷின்ல மாத்தினா எல்லாருக்கும் அந்த விலைதான் போகும். மேலிடத்துக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"சொல்லுங்க. அலமாரியில என்ன விலையோ அதான் பில்லுலயும்னு சுவர்ல எழுதிப் போட்டிருக்கீங்களே, சும்மா அழகுக்கா?"

அந்தச் சுவரைப் படித்த ஒரே வாடிக்கையாளர் இவராகத்தான் இருக்கும்.

வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

"பெரியவரே, நாங்களும் வீடு போய்ச் சேர வேணாமா?"

"கைக்குழந்தைக்காரியை நிக்க வெச்சுட்டு நாப்பதுக்குச் சண்டை. கலிகாலம்!"

குழந்தைகளில் ஒன்று வீல் என்று கத்தியது. அந்தத் தாய் மட்டும் தலையைக் குனிந்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ போய் அலமாரியைப் பாத்துட்டு வா" என்று பில் போடும் பெண்ணை அனுப்பிய மேனேஜர், இரண்டடி கூடவே வந்து காதோடு சொன்னார்: "சின்ன டின்னோட சீட்டுன்னு சொல்லிடு. அதோட விஷயம் முடிஞ்சுது."

போய்ப் பார்த்தாள். சின்ன டின்னுக்குத் தனிச் சீட்டு இருந்தது. பெரிய டின்னுக்குக் கொட்டை எழுத்தில் முந்நூற்றுப் பத்து. பழைய விலை. யாரோ மாற்ற மறந்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு பொய்தான். இந்தக் கஞ்ச மகாபிரபுவுக்காக எதற்கு வம்பு? மகளின் முகம் கண்முன் வந்தது. ஆனால் திரும்பி வந்து வாயைத் திறந்தபோது பொய் வரவில்லை.

"பெரிய டின்னுக்குத்தான் சார் முந்நூத்திப் பத்துன்னு போட்டிருக்கு. தப்பு நம்மளோடதுதான்."

மேனேஜர் பார்த்த பார்வையில் அவள் பஸ்பமாகியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கிய சாவியை மெஷினில் போட்டு விலையை மாற்றினார். போகிறபோக்கில், "நாளைலேருந்து நீ குடோன்" என்று பல்லைக் கடித்தார்.

அழுகையை அடக்கிக்கொண்டு, "முந்நூத்திப் பத்து சார், பணம் குடுங்க" என்றாள்.

பூதக்கண்ணாடி டின்னை ஓரமாகத் தள்ளினார். "இது எனக்கு வேணாம். முதல்ல அவங்களுக்குப் போட்டு அனுப்பு."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தாய் வைத்த அதே பால்பவுடர் டின் இரண்டை மெஷினில் காட்டினாள். அறுநூற்று இருபது. கசங்கிய நோட்டும் சில்லறையுமாக அறுநூற்று இருபத்தைந்து வந்தது. ஐந்தைத் திருப்பிக் கொடுத்தாள். குழந்தை வண்டி வாசலைத் தாண்டியதும் வெடித்தாள்.

"வேணாத டின்னுக்கா சார் இவ்ளோ நேரம் கத்துனீங்க? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

கடையையே அதிரவைத்த மனிதரின் குரல் இப்போது அவளுக்கு மட்டும் கேட்டது.

"குடோன்னு அவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சும்மா. உண்மையைச் சொன்னதுக்குத் தண்டனையான்னு மேலிடத்துல கேக்காம விடமாட்டேன். கத்துறது எனக்குப் புதுசா என்ன?"

கையிலிருந்த வழக்கமான ஒற்றைச் சோப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பொண்ணு அலமாரியில விலையைப் பாத்து, கையில இருக்கிறதை ரெண்டு தரம் எண்ணிட்டுத்தான் டின்னை எடுத்துச்சு. இங்க வந்ததும் முந்நூத்தைம்பதுன்னு நீ சொல்லியிருந்தா, வாயைத் திறக்காம ஒண்ணைத் திருப்பி வெச்சிருக்கும். ரெண்டுல எந்தப் பிள்ளையோட டின்னைம்மா அது திருப்பி வெக்கும்?"