ரேட் இறங்கட்டும்

"ரேட் இறங்கிடுச்சா, தம்பி?"

வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே ஒரு அம்மாள், துணிப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுத்துச் சேர்த்த பணம் அதற்குள் இருந்தது.

"எந்த நாட்டுப் பணம்மா வேணும்?"

மகள் வாழும் நாட்டைச் சொன்னாள். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

"லீவுக்குப் பொண்ணு வீட்டுக்குப் போகணும். ஒரு மாசம் தங்கி, அப்படியே ஊரைச் சுத்திப் பாக்கணும். பேத்தி பிறந்ததுலேருந்து போன்லதான் கொஞ்சறேன். வருஷா வருஷம் டிக்கெட் எடுக்கப் போறப்ப பாத்து ரேட் ஏறித் தொலையுது. அங்க போய் ஒரு காபி குடிச்சா, நம்ம ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு காலியாம். இறங்கட்டும், இறங்கட்டும்னு எங்க வீட்டுக்காரர் அஞ்சு வருஷமா சொல்லிட்டே இருக்கார்."

இளைஞன் சிரித்துவிட்டான்.

"அம்மா, உங்க காதுல யாரோ நல்லா பூ சுத்தியிருக்காங்க. மத்த நாட்டுப் பணமெல்லாம் தினம் ஏறும், இறங்கும். இது அப்படி இல்ல. அவங்க அரசாங்கமே அந்தப் பணத்தை நம்ம பணத்தோட சேத்துக் கட்டி வெச்சிருக்கு. நம்மது ஏறினா அதுவும் ஏறும், இறங்கினா கூடவே இறங்கும். நான் பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து இதே ரேட்தான்."

காதில் விழுந்துவிட்டது. மண்டையில் ஏறத்தான் நேரம் பிடித்தது.

"அப்ப போன வருஷம்?"

"இதேதான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும் இதேதாம்மா. மாத்தணுமா, வேணாமா?"

"மாத்துங்க. மொத்தத்தையும் மாத்துங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. காலமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர் அவள் வீட்டுக்காரர். காலையில் பேப்பரைப் பிரித்ததும் கடைசிப் பக்கத்து ரேட் பட்டியலுக்குப் போய், "ம்ஹும், இந்த வருஷமும் தேறாது" என்று உதட்டைப் பிதுக்குவார். சொந்தக்காரர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'ரேட்டு' என்று பெயர் வைத்துச் சிரித்தபோதுகூட, "அவருக்குக் கணக்குத் தெரியும், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சண்டைக்குப் போனவள் இவள்தான்.

பேத்திக்கென்று வருஷத்துக்கு ஒரு கவுன் தைப்பாள். அளவு குத்துமதிப்புதான். அடுத்த வருஷம் அது சின்னதாகிவிட்டிருக்கும் என்று அவளே முடிவு செய்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வெட்டுவாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைச் சாப்பாட்டு மேஜையில் வீசினாள். வெளிநாட்டு நோட்டுகள் சரிந்து விழுந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் அவற்றைப் பார்த்தார். துடைத்த கை நின்றுபோனது.

"ஏறவே ஏறாத ரேட்டைக் காட்டி அஞ்சு வருஷமா என் தலையில மிளகாய் அரைச்சீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் குனிந்து கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"வாயைத் திறங்க! பொண்ணு எத்தனை தடவை கூப்பிட்டா! 'எனக்கு உன்னைப் பாக்க ஆசையா இருக்கும்மா, அப்பாதான் ரேட்டு ரேட்டுன்னு இழுக்கறார்'னு அவ அழாத குறையாச் சொல்றப்ப, எனக்கு நெஞ்சு வெந்துச்சு."

"கத்தாத. ஆமா, பொய்தான் சொன்னேன்" என்றார் அவர். "செலவு பண்ணக் கை வரல. கஞ்சப்பிசினாரின்னு வெச்சுக்கோ."

"பெத்த பொண்ணைவிடப் பணம் பெருசாப் போச்சா?"

"போச்சு."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் நினைக்கவில்லை. அதுவே அவள் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. மேஜையில் கிடந்த அவருடைய செல்போனை வெடுக்கென்று எடுத்தாள்.

"இப்பவே அவகிட்டச் சொல்றேன். அப்பன் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்."

நாற்காலி பின்னால் சாய, அவர் பதறி எழுந்தார்.

"வேணாம். போனைக் குடு. என்னை என்ன வேணா திட்டிக்கோ. ஊரெல்லாம் போய்ச் சொல்லு. அவளை மட்டும் கூப்பிடாத, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, மகளின் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள். இவள் வாயைத் திறப்பதற்குள் மகளின் குரல் படபடவென்று கொட்டியது.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அவரோட அப்பா அம்மா வழக்கம்போல இந்த லீவுக்கும் இங்கதான் வர்றாங்க. அவங்க முன்னாடி அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தி என்னை அசிங்கப்படுத்தாதீங்க. எப்பவும் போல ரேட் ஏறிடுச்சுன்னு சொல்லிடுங்கப்பா, அம்மாவுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுது?"