நல்லாக் காஞ்சதும் வாங்க

பள்ளிக்கூடக் கதவைப் பாதி திறந்த அஞ்சலை, வழியை மறித்து நின்றாள். வெளியே கொட்டும் மழையில் பழனாத்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"நொய்யல் ஆத்துத் தண்ணி ஊட்டுக்குள்ள வந்திருச்சுங்க. ஒதுங்க எடங்குடுங்க."

அஞ்சலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"ஈரத்தோட வந்தா பாயெல்லாம் பூசணம் பிடிச்சிடும். நல்லாக் காஞ்சதும் வாங்க."

"இந்த மழையில எப்படீங்க காயறது? இது எங்கூர்ப் பள்ளிக்கூடமுங்க!"

"புயல்ல வீடு போன எங்களுக்குச் சர்க்கார் திறந்துவிட்டது. நாகப்பட்டினத்துலேருந்து வந்து, உங்க பனியன் குடோன் வாசல்ல நனைஞ்சுகிட்டு நின்னேனே, நானும் இதையேதான் கேட்டேன். துணி பூசணம் பிடிக்கும், காஞ்சதும் வான்னீங்க."

அஞ்சலை குழந்தையை மட்டும் வாங்கி, முந்தானையால் துவட்டினாள்.

"அன்னிக்கு என் இடுப்புலேயும் பிள்ளை இருந்துச்சு. அதை வாங்க ஒரு கை நீளலை."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.