பன்னிரண்டாவது அடி

பலகை மறுபடியும் நடந்து வந்திருந்தது.

டேப்பு சார் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று சாயங்காலம் தன் கையாலேயே பிடுங்கி, முப்பத்திரண்டாவது அடியில் நட்டுவிட்டுப் போன தேர்தல் பலகை. இன்று காலை தெரு முனையை ஒட்டி நிற்கிறது. அதில் வேட்பாளர் பல் தெரியச் சிரிக்கிறார்.

அளந்தார். பன்னிரண்டு அடி. ஐந்து நாளாக, அரை அங்குலம்கூடப் பிசகாமல் அதே பன்னிரண்டு.

தெரு முனையிலிருந்து முப்பது அடிக்குள் எந்தக் கட்சியும் பலகை நடக்கூடாது, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வழி மறைக்கும் என்பது நகராட்சி விதி. அதைக் கவனிப்பதுதான் அவர் வேலை. மீறினால் தள்ளி நட்டு நோட்டீஸ் கொடுக்கலாமே தவிர, பறிமுதல் செய்ய விதியில் இடமில்லை. சில வருஷமாக இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆபீசில் வைத்த பெயர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

கட்சி அலுவலகத்து ஆள் பைக்கில் வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னும் எத்தனை நோட்டீஸ் சார் கொடுப்பீங்க? நாங்க யாரும் இந்தப் பக்கமே வரல. நீங்க எதிர்க்கட்சிக்கு வேலை செய்யறீங்கன்னு தலைவர் சொல்றார். நாளைக்கும் இப்படியே நடந்தா புகார்தான், பார்த்துக்குங்க."

"நேத்து நான் நட்ட இடம் முப்பத்திரண்டு. இப்ப இருக்கறது பன்னிரண்டு. நீங்களே அளந்து பாருங்க."

"அப்ப என்ன, பலகைக்குக் கால் முளைச்சிருக்கா?"

டேப்பு சாருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனார்.

முனை வீட்டுக் கதவு திறந்தது. ஐந்து நாளாக நடப்பதுபோலவே தையற்கார அம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து கையை நீட்டினாள்.

"கொண்டாங்க சார், அந்த முனைய நான் பிடிக்கறேன்."

டேப்பின் நுனியைப் பிடித்த அவள் நகக்கண்களில் ஈரமண் ஒட்டியிருந்தது. காலையிலேயே ஏதோ வேலை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். இருவருமாக அளந்தார்கள். பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் முப்பத்திரண்டாவது அடியில் ஊன்றி, கல்லால் தட்டி இறுக்கினார். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"என் பொண்ணு இருந்திருந்தா இந்தத் தேர்தல்ல முதல் ஓட்டுப் போட்டிருப்பா" என்றாள் அவள், பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல.

ஆறு வருஷத்துக்கு முன், இதேபோல் ஒரு தேர்தல் சமயத்தில், பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் இந்த முனையில் திரும்பியவள். நடுவில் நின்ற பலகையால் வேன்காரருக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கு வேன் தெரியவில்லை. அன்று போலீஸ் வந்து அளந்து எழுதிய கணக்கு டேப்பு சாருக்கு மனப்பாடம். பலகை நின்ற இடம், முனையிலிருந்து பன்னிரண்டு அடி.

ஐந்து நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் சைக்கிள் மணி கேட்கிறது. வீட்டில் மனைவி கேட்டதற்கு, தேர்தல் வேலை என்று சொல்லிவிட்டார்.

"யாரு நகர்த்தறாங்கன்னு நினைக்கறீங்க சார்?"

"தெரியலம்மா."

"யாருக்கோ ஏதோ சொல்லணும்போல இருக்கு."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். டேப்பு சார் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்தார்.

"அது யாருக்குன்னு எனக்குத் தெரியும்மா. எனக்குத்தான். அன்னிக்கு அந்தப் பலகைக்கு அனுமதி கொடுத்தது நான். நேர்ல போய் அளந்தேன், முப்பத்தஞ்சு அடி இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

அவள் டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

"நான் வரவே இல்லம்மா. மழை பெஞ்சுது, சோம்பல், நாற்காலில உட்கார்ந்தபடியே எழுதிட்டேன். அப்புறம், அனுமதி கொடுத்த இடத்துலேர்ந்து பலகைய யாரோ நகர்த்திட்டாங்கன்னு சொல்லி ஆபீஸ்ல ஃபைல மூடிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன். இந்த ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட உங்க வாசல்ல வந்து நிக்கத் தைரியம் வரல."

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கத்துவாள், அடிப்பாள், அக்கம்பக்கத்தைக் கூட்டுவாள் என்று காத்திருந்தார். ஒரு பஸ் வந்து நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"தெரியும் சார்" என்றாள் அவள். "நீங்க எழுதின அந்தக் காகிதத்தோட நகல் ஆறு வருஷமா என் மெஷின் டிராயர்லதான் இருக்கு."

அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுமாம்மா தினம் தண்ணி கொடுத்து, கூட நின்னு டேப் பிடிச்சீங்க?"

அவள் டேப்பின் நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கு வராத ஆளு தினம் வந்து அளக்கணும்னுதான் சார், பலகைய நான் நகர்த்தி வைக்கறேன்."