வேறு காரணம்

கம்ப்யூட்டரில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றியதும் ஜோசியர் குழந்தைவேலுவின் பழைய ஜாதக மென்பொருள் படுத்துவிட்டது. புதியதைப் போட்டு, சோதித்துப் பார்க்க ஒற்றை விரலால் மகள் மங்கையின் பிறந்த நேரத்தைத் தட்டினார். லக்னம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. ஏழிலிருந்த செவ்வாய் ஆறுக்குப் போயிருந்தது. தோஷமே இல்லை. அந்தச் செவ்வாய் தோஷத்தைச் சொல்லித்தான் மூன்று வருடம் முன்பு, அவள் விரும்பிய தயாளனை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். அடுத்த ஒன்பது நாளும் அதே நேரத்தைக் கொடுத்துக்கொண்டேயிருந்தார். செவ்வாய் ஆறிலேயே உட்கார்ந்திருந்தது.

"ஏன் குட்டி போட்ட பூனையாட்டம் அலையிறீங்க?" என்றாள் மனைவி.

பழைய சிஸ்டத்துக்குத் திரும்பப் பத்து நாள்தான் கெடு. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் முடிந்ததும் பொத்தானை அழுத்தினார். 'ஏன் திரும்புகிறீர்கள்?' என்று திரை கேட்டது. வேகம் குறைவு, பழையதே வசதி, வேறு காரணம். அவர் கடைசியாக இருந்ததில் குறியிட்டார். எழுதச் சொல்லி ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது.

மோர் கொண்டுவந்த மங்கை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"காரணம் கேக்குதுப்பா. தள்ளுங்க, நான் டைப் பண்றேன். நீங்க சொல்லுங்க."