அப்பாவுக்கு முடி முளைக்கிறது

"மாமா தலைக்கு என்னங்க ஒட்டறது?"

"ஒண்ணும் ஒட்டாதே வல்லி. அப்பா தலையில ஒட்ட என்ன இருக்கு?"

"அப்ப அரைக் கொட்டாங்குச்சி போதும். உப்புத்தாள் போட்டுத் தேச்சா மாமா தலை மாதிரியே மின்னும்."

"கேட்டா அடிக்க வருவார்."

"கேட்டாச்சு. 'தலை எப்படியோ போகட்டும், மீசையை மட்டும் எடுப்பா வைம்மா'ன்னுட்டார்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் விமான் நகர் ஃப்ளாட்டின் கூடத்தில் உட்கார்ந்து பேசிச் சிரித்தது, மாதவுக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் வந்தது. சிரிப்புதான் வரவில்லை.

அவன் மனைவி ஆனந்தவல்லிக்கு வேண்டாத சாமான்களை அட்டையில் ஒட்டி முகப் படம் செய்வது பொழுதுபோக்கு. பழைய சாமான் வாங்கும் பங்கார்காரனுக்குப் போட எடுத்து வைத்த எந்தக் குப்பையிலும் ஒரு முகம் கண்டுபிடிப்பாள். மாமனார் கோவிந்தராஜின் படத்தில் ஷூ பிரஷ் மீசையானது, பழைய ஜிப் வாயானது. மூக்கில் நின்றது அவர் போட்டுக் கழித்த கண்ணாடியேதான். போன வருஷம் பெரியவர் இறந்தபோது, "வேற போட்டோ வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்று கூடத்துச் சுவரில் மாட்டியவன் மாதவ்.

அந்தக் கொட்டாங்குச்சியில் இப்போது முடி முளைத்துக்கொண்டிருந்தது.

முதலில், காதுக்கு மேலே நாலைந்து இழை. தேங்காய் நார் என்று நினைத்துப் பிய்த்துப் போடப் போனான். விரல் பட்டதும் உதறிக்கொண்டான். நார் இல்லை. மெல்லிய, கறுத்த, மனித முடி.

"வல்லி, அப்பா தலையில என்னது இது?"

அடுப்பைப் பார்த்தபடியே அவள் சொன்னாள். "அவரையே கேளுங்களேன்."

மறுநாள் சாகண் தொழிற்சாலையிலிருந்து திரும்பி வந்தபோது பிடரிவரை இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை பாதி மண்டை மூடிவிட்டது. சாப்பிடும்போது மாதவ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அப்போதும் முதுகில் யாரோ பார்ப்பது போலவே இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு கிட்டுவிடம் மெல்லச் சொன்னான்.

"திதி குடுத்தியா?" என்றான் கிட்டு.

"போன மாசம் வந்துது. ஆடிட்ல விட்டுப் போச்சு."

"அப்புறம் வராம என்ன செய்வார்? எங்க தாத்தா செத்து ஆறு மாசம் கழிச்சு வெத்தலைப் பெட்டி கேட்டு வந்தவர். உங்கப்பா என்னமோ கேக்கறார்டா."

"எங்கப்பா எதுவும் கேக்கற ஆளே இல்ல."

"அதான் முடி மூலமா கேக்கறார்!"

மாதவுக்குத் தெரியும், ஆடிட் வெறும் சாக்கு. அப்பாவின் கடைசி இரண்டு மாதத்தை நினைவுபடுத்தும் எதையும் அவனால் தாங்க முடியவில்லை. அவர் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி இருக்கும் சாலையில்கூட வண்டியைத் திருப்புவதில்லை. "செத்தாலும் இனிமே அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன். யாருக்காகவும்" என்று வல்லியிடம் ஒருமுறை கத்தியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே ஓம்காரேஷ்வர் படித்துறைக்குப் போனான். மராத்தி குருஜி சொன்ன மந்திரம் பாதி புரியாவிட்டாலும், "அப்பா, மன்னிச்சுடுங்க" என்று தமிழில் சொல்லி பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டான். காகமும் பிண்டத்தை எடுத்தது. நெஞ்சு லேசாகித் திரும்பினான்.

பத்து மணிக்கு வந்து, பூட்டியிருந்த வீட்டைத் திறந்தான்.

சுவரில் அப்பாவுக்குத் தலை நிறைய முடி. இருபது வயது ஆள் போல, வகிடெடுத்து வாரிய முடி.

படத்தைக் கழற்ற ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.

"கழட்டாதீங்க."

வாசலில் வல்லி. ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வந்திருந்தாள். ஸ்கூட்டர் ஓட்டும் இந்த ஊர்ப் பெண்கள் எல்லாரையும்போல முகமும் தலையும் மூடி ஸ்கார்ஃப் சுற்றியிருந்தாள். பத்து நாளாகத் தலைவலி என்று வீட்டுக்குள்ளும் அதை அவிழ்ப்பதில்லை. மாதவ் என்ன வலி என்று கேட்டதில்லை. அவன் கண்தான் சுவரிலேயே இருந்ததே.

"ஆத்துல விட்டுடறேன் வல்லி. என்னால முடியல."

"வேண்டாங்க. இறங்குங்க, விழுந்துடப் போறீங்க."

"திதி குடுத்தாச்சு, மன்னிப்புக் கேட்டாச்சு. இன்னும் என்னதான் வேணும் அவருக்கு? என்னமோ கேக்கறார். எனக்குத்தான் புரியல!"

"கேக்கறது மாமா இல்லீங்க."

அவள் ஸ்கார்ஃபின் முடிச்சை அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாகப் பிரித்துத் தோளில் போட்டாள்.

தலையில் ஒரு முடிகூட இல்லை.

"உதிர உதிரக் குப்பையில போட மனசு வரலை. ஒருநாள் நீங்களா என்னைக் கேப்பீங்கன்னு அங்க ஒட்டினேன்" என்றாள் வல்லி. "ரெண்டு தடவை உங்ககிட்ட சொல்லாம தனியாப் போயிட்டு வந்தேன். நாளைக்கு மூணாவது கீமோ, அதே ஆஸ்பத்திரியில. இந்த ஒரு தடவை... என்கூட வர்றீங்களா?"